கிரேக்கன் குட்டாத நாள்

எங்கள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கிரேக்க நாட்டின் பேர்போன கூடைப்பந்து ஆட்டக்காரன் ஒருவனுக்குப் பிள்ளையாரை அறிமுகப்படுத்தி வைத்தவர். இதைச் சொன்னவரும் அவர்தான். ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் எங்கள் மூன்றாம் மாடிக் குசினியில், அம்மா புட்டுக் கொத்திக்கொண்டு நிற்க, மாமா வெங்காயம் உரித்தபடி சொன்னார். வெங்காயம் உரிப்பவர் கண்ணீரோடு பேசுவதால் எந்தக் கதைக்கும் ஒரு நம்பகத்தன்மை வந்துவிடும். அப்படியும் ஒருவரும் நம்பவில்லை.

கதை இதுதான். மாமா யாழ்ப்பாணத்தை விட்டு முதலில் போனது கப்பலுக்கு. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பெடியள் பலர் கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தார்கள். மாமாவின் கப்பல் முதலாளி கடனில் முறிந்துபோனார். கப்பலைக் கிரேக்கத்தின் பிரேயுஸ் துறைமுகத்தில் ஓர் ஓரமாகக் கட்டிவிட்டார்கள். அது அங்கே ஒரு வருடத்துக்கு மேல் துருப்பிடித்துக்கொண்டு நின்றது. மாமாவும் அதனோடு சேர்ந்து துருப்பிடித்தார். துறைமுக மதிலுக்குப் பின்னால் சீமெந்துத் தரையும் வலையில்லாத வளையமுமாக ஒரு கூடைப்பந்துத் திடல் இருந்தது. பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன், கொடிக்கம்பம் மாதிரி ஒரு பெடியன், அங்கே தனியாகப் பந்து எறிந்துகொண்டிருப்பான். பந்து மதில் தாண்டி வந்து விழும்போதெல்லாம் மாமா எடுத்துக் கொடுப்பார். அப்படித் தொடங்கிய சிநேகிதம்.

"தனிய நிண்டு எறிஞ்சால் எல்லாம் விழும். ஆரும் ஒராள் பாத்துக்கொண்டு நிண்டால் காணும், கை உதறும்," என்றார் மாமா. "நான் சொன்னன், தம்பி, எந்த அலுவலெண்டாலும் முதல் பிள்ளையாருக்குக் குட்டிப்போட்டுத் தொடங்கு எண்டு."

"என்ன பாசையிலை சொன்னனி?" என்றார் அம்மா.

"குட்டுறதுக்குப் பாசை என்னத்துக்கு, அக்கா? குட்டிக் காட்டினன்."

அந்தப் பெடியன்தான் பிறகு கிரேக்கன் ஆனான். ஆட்டக்காரனின் சொந்தப் பெயரை அம்மா ஒருமுறை உச்சரிக்கப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டதில், எங்கள் வீட்டில் 'கிரேக்கன்' என்றே நிலைத்துவிட்டது. துறைமுகத்துச் சின்னக் கழகத்தில் தொடங்கி, தலைநகரின் பெரிய அணிக்குப் போய், தேசிய அணிக்கும் ஏறினான். கூடைப்பந்தில் எதிரணி பிழை விட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அடிபட்டவனைக் கோட்டில் தனியாக நின்று எறிய விடுவார்கள். அரங்கம் முழுவதும் அவன் ஒருவனையே பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது பார்த்தால் கை உதறிய பெடியன், அந்த எறிதலுக்கே ஐரோப்பா எங்கும் பெயர் எடுத்தான். எறிவதற்கு முன்னால் பந்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கை விரல் மொழிகளாலும் நெற்றிப்பொட்டில் மூன்று தரம் மெல்லக் குட்டிக்கொள்வான். ஒருநாளும் தவறமாட்டான். நோர்வேத் தொலைக்காட்சியில் வர்ணனை செய்தவர், அதிர்ஷ்டத்தின் கதவைத் தட்டுகிறான் என்றார். மாமா சிரித்தார்.

"கதவுமில்லை, யன்னலுமில்லை. அது எங்கடை ஆள்."

தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கட்டிய கதை என்பது, அதே குசினியில் இருந்து கேட்ட பெரியப்பாவின் தீர்ப்பு. அப்பாவின் அண்ணரான இவர் ஒஸ்லோவின் இன்னொரு பக்கத்தில், ரொம்மனில் இருந்தார், தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். ஆகையால் அவருடைய தீர்ப்புகளுக்கு மேன்முறையீடு கிடையாது. "கப்பலிலை கிடந்த எங்கடை பெடியள் எல்லாருக்கும் இப்பிடி ஒரு கதை இருக்கு," என்பார். "ஒருத்தன் ராணியோடை தேத்தண்ணி குடிச்சவன். இவர் பரவாயில்லை, குட்டோடை நிப்பாட்டியிருக்கிறார்."

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு ஒரு சட்டம் இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்திவைத்துச் சொன்னது: "மாமான்ரை கிரேக்கக் கதை இந்தக் குசினியை விட்டு வெளியிலை போகப்படாது. பள்ளிக்கூடத்திலையும் சொல்லக்கூடாது, விளங்கிச்சோ?"

"ஏனம்மா?"

"சனம் சிரிக்கும்."

எனக்கு அப்போது பத்து வயது. சனம் சிரிக்கும் என்றால் கதை பொய் என்றுதானே பொருள்? பொய்யை வீட்டுக்குள் வைத்திருப்பதும் உண்மையை வெளியில் கொண்டுபோவதும் நல்ல குடும்பங்களின் வழக்கம் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

வளர்ந்தபின் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது துப்பறியும் கதை அல்ல. மாமா நோர்வேயில் அகதியாக ஏற்கும்படி கேட்டிருந்தார். முடிவு இன்னும் வரவில்லை. ஆபத்தில்லாத இன்னொரு நாட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவர் என்று தெரிந்தால், அங்கேயே திரும்பிப் போ என்று அனுப்பிவிடுவார்கள் என எங்கள் சனத்துக்குள் எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். விசாரணையில் மாமா கொழும்பில் விமானம் ஏறி நேரே ஒஸ்லோவில் இறங்கியதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பயணத்தில் கிரேக்கம் என்ற நாடே இல்லை. கிரேக்கமும் தேவையில்லை என்று அவரை அனுப்பிவிட்டால், அடுத்து குண்டு விழுந்துகொண்டிருந்த ஊர்தான். ஆக, அம்மா அந்தக் கதையைக் குசினிக்குள் பூட்டிவைத்தது, அது உண்மை என்பதால். அதை நம்பிய ஒரே ஆள் அம்மாதான். நம்பியதால்தான் நம்பாதவர் போல நடித்தார்.

மாமா கிரேக்கனின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்த விதமும் அப்போது எனக்கு விளங்கவில்லை. பிரதான ரயில் நிலையத்துப் பத்திரிகைக் கடையில் நின்றபடியே கிரேக்கப் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்ப்பார். யாராவது தமிழர் வந்தால் மடித்து வைத்துவிட்டு மீன்பிடிச் சஞ்சிகை ஒன்றைக் கையில் எடுப்பார். ஒருநாளும் வாங்கியதில்லை. கஞ்சன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் செய்தி சொல்வார்: கிரேக்கனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. கிரேக்கன் இத்தாலிக்குப் போய்விட்டான். கிரேக்கன் வேகம் குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள், எழுதுகிறவனுக்கு வேறு வேலையில்லை. முழங்கால் சத்திரசிகிச்சை நடந்த கிழமை முழுவதும் மாமா மரக்கறி மட்டும் சாப்பிட்டார்.

நானும் அந்நாட்களில் கூடைப்பந்து விளையாடினேன். இதை வாசகர் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கோயில் மடத்தில் சாப்பிட்டவர் தன்னைக் குருக்கள் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சரியோ, நான் விளையாடினேன் என்பதும் அவ்வளவு சரி. ஹொல்ம்லியாச் சிறுவர் அணியில், மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில், நடுவில், சூடான இடத்தில் இருந்தேன். அணி நிர்வாகத்துக்கு என்னைவிட என் அம்மா பொரித்து அனுப்பும் ரோல்ஸில்தான் அக்கறை என்பது எனக்கே தெரியும். ஆனால் எப்போதாவது கோட்டில் நிற்கக் கிடைத்தால், நானும் மூன்று தரம் குட்டிக்கொள்வேன். பந்து வளையத்தைத் தொடாது. பிள்ளையாருக்கும் எல்லை இருக்கிறது.

அந்த இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது. கிரேக்கனின் அணி பருவம் தொடங்குமுன் வடக்கே சுற்றுப்பயணம் வருகிறது. ஒஸ்லோவில் உள்ளூர்க் கழகம் ஒன்றோடு ஒரு சினேகபூர்வ ஆட்டம். எங்கள் சிறுவர் அணி ஆட்டக்காரர்களோடு கைபிடித்து மண்டபத்துக்குள் நடந்து வரலாம். இதைக் கேள்விப்பட்டதும் பெரியப்பா செய்தது, உலகத்தில் எங்கள் சனம் மட்டுமே செய்யக்கூடிய காரியம். பொன்னாடைக்கு ஏற்பாடு செய்தார். ஊருக்குப் பெயர்பெற்ற மனிதர் ஒருவர் வந்துவிட்டு, தோளில் பொன்னாடை இல்லாமல் திரும்பிப் போவதை எங்கள் சங்கம் தாங்காது. எங்கள் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஊக்கம் என்று கழகத்துக்கு விளக்கினார். நோர்வேக்காரர் புரியாத எதையும் பண்பாடு என்று மதித்து அனுமதித்துவிடுவார்கள். அனுமதித்தார்கள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் குசினியில் அம்மாவும் மாமாவும் மெல்லிய குரலில் கதைத்தார்கள்.

"நீ போகத் தேவையில்லை."

"மேல் வரிசையிலை இருந்து ஒருக்காப் பாத்திட்டு வாறன், அக்கா. தூரத்திலை இருந்து."

"அவன் கண்டிட்டால்?"

"இவ்வளவு சனத்துக்குள்ளை என்னை எங்கை காணப்போறான்? தொப்பி போட்டுக்கொண்டு போறன்."

அம்மா புட்டுக்குக் குழைத்த மாவைத் திரும்பவும் குழைத்தார். கிரேக்கன் கண்டால் மாமாவின் பொய் வெளிப்பட்டுவிடும், அதுதான் அம்மாவுக்குப் பயம் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். எந்தப் பொய் என்பதில்தான் பிழை விட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் சேலைக்கரை போட்ட பாவாடைக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்தோடு, சந்தனம் குங்குமம் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அணியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பொறுப்பு அது. கிரேக்கன் வந்தான். தொலைக்காட்சியில் தெரியாதது, நெற்றி ஏறிய வழுக்கையும் களைத்த கண்ணும். பெரியப்பா பொன்னாடையை விரித்து நுனிக்காலில் எம்பினார். பொன்னாடை கிரேக்கனின் மார்போடு நின்றது. வாங்கு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதன்மேல் ஏறியும் பார்த்தார். கடைசியில் கிரேக்கன் தானே குனிந்து கொடுத்தான். சந்தனம் வைக்க என் கை எட்டும்படி முழங்காலில் கைவைத்து மறுபடியும் குனிந்தான். சந்தனம் அவனுக்குப் புதிதாகத் தெரியவில்லை. தட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் தலைக்கு மேலாக யாரையோ தேடுகிறவன்போல் கூட்டத்தைப் பார்த்தான்.

பத்திரிகைக்காரி ஒருவர் படப்பிடிப்பாளரோடு வந்திருந்தார். பொன்னாடை என்றால் என்ன என்று எழுதிக்கொண்டபின், இன்னும் ஏதாவது சுவையாக உண்டா என்று கேட்டார். பெரியப்பா வாங்கிலிருந்து இறங்கியபடியே சொன்னார்: எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், அந்தக் குட்டைத் தானே கிரேக்கத்தில் இவனுக்குப் பழக்கியதாகச் சொல்லித் திரிகிறார். பெரியப்பாவுக்கு அது பகிடி. அவர் கெட்டவர் அல்ல. மாமாவின் கதை முழுப் புளுகு என்று உறுதியாக நம்பியதால், அதை வெளியே எடுப்பதில் அவருக்கு ஆபத்தே தெரியவில்லை.

மேல் வரிசையில், கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்த மாமாவை அவர் கண்டுபிடித்தார். "இஞ்சை வாரும்! உமக்குத்தானே கிரேக்கம் தெரியும். வந்து ரெண்டு சொல்லுச் சொல்லும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வராமல் இருந்தால் இன்னும் பார்ப்பார்கள். மாமா படி இறங்கி வந்தார்.

கிரேக்கன் அவரைப் பார்த்த கணத்தை நான் கிட்ட நின்று பார்த்தேன். தொப்பியைப் பார்த்தான், அதற்குக் கீழே கண்ணைப் பார்த்தான். வாய் ஒரு பக்கம் சிரிக்கத் தொடங்கியது. கை அரைவாசி உயர்ந்தது. மெல்லிய குரலில் ஏதோ ஒரு சொல் சொன்னான், கேள்வி மாதிரி. பெரியப்பா அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு கைகூப்பினார்.

பத்திரிகைக்காரி மாமாவிடம் நோர்வேஜிய மொழியில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: "உங்களுக்கு இவரைத் தெரியுமா? கிரேக்கத்தில் சந்தித்தீர்களா?"

"இல்லை," என்றார் மாமா. "நான் கிரேக்கத்துக்கு ஒருபோதும் போனதில்லை."

வினைச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. உச்சரிப்பில் ஒரு பிசகில்லை. மாமா தன் வாழ்நாளில் பேசிய மிகச் சிறந்த நோர்வேஜிய வசனம் அதுதான். பலநாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கவேண்டும்.

பத்திரிகைக்காரி கிரேக்கனிடம் திரும்பி, இந்த மனிதர் கிரேக்கத்துக்கே போனதில்லையாம், உங்களுக்கு இவரைத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிரேக்கன் அவர் எழுதுகிற கையைப் பார்த்தான். படப்பெட்டியைப் பார்த்தான். கடைசியில் மாமாவின் கையைப் பார்த்தான்; அது பெரிதாக உதறிக்கொண்டிருந்தது. உயர்த்திய அரைக்கையைத் தன் வழுக்கைக்குக் கொண்டுபோய்த் தடவினான்.

"இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் இவரைப் போல இருப்பார். மன்னிக்கவேண்டும்."

"அப்படியென்றால் அந்தக் குட்டு எங்கிருந்து வந்தது?"

"அதுவா? தலையில் கடி," என்று சொறிந்து காட்டினான் கிரேக்கன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சனம் சிரிக்கும் என்று அம்மா சொன்னது இதுதான் என்று எனக்குப் பட்டது, முகம் எரிந்தது.

படப்பிடிப்பாளர் மட்டும் விடவில்லை. கதை உண்மையோ பொய்யோ, நல்ல படம் என்றார். வளையத்துக்குப் பின்னால் முதல் வரிசையில் மாமாவைப் பிடித்து உட்கார்த்தினார். கிரேக்கன் கோட்டில் நின்று குட்டும்போது, அதற்குப் பின்னால் இவர் முகமும் ஒரே படத்தில் விழவேண்டும். பெரியப்பா குனிந்து, "அந்த நேரம் நீரும் ஒருக்காக் குட்டும், நல்லா இருக்கும்," என்று ஆலோசனை சொன்னார். எழுந்துபோனால் ஏன் போகிறாய் என்ற கேள்வி வரும். மாமா அசையாமல் இருந்தார். நாளைக்குப் பத்திரிகையில் படமும், கீழே கிரேக்கம் என்ற சொல்லும், பக்கத்தில் அவர் பெயரும் வரும். அவருடைய வழக்குக் கோப்பை வைத்திருக்கிற அதிகாரி காலைக் கோப்பியோடு அதைப் பார்ப்பார். மாமா அந்த நேரம் முழுவதும் இதைத்தான் யோசித்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் யோசித்தது, ஒரேயொரு தரம் குட்டினால் போதும், மாமாவின் மானம் தப்பிவிடும் என்று.

ஆட்டம் தொடங்கி நடுவில் யாரோ கிரேக்கனை இடித்தார்கள். ஊதல் ஊதப்பட்டது. அவன் கோட்டுக்கு நடந்தான். மண்டபம் அமைதியானது. எங்கள் அணிப் பிள்ளைகள் அவனோடு சேர்ந்து குட்டுவதற்காக முன்கூட்டியே கை மொழிகளைத் தூக்கிவைத்திருந்தார்கள். படப்பிடிப்பாளர் ஒரு முழங்காலில் இருந்தார். கிரேக்கன் பந்தை வாங்கினான். வளையத்தைப் பார்த்தான். வளையத்துக்குக் கீழே, அதற்கும் பின்னால் பார்த்தான்.

பந்தை ஒருமுறை தரையில் தட்டினான். எறிந்தான்.

குட்டவில்லை.

பந்து வளையத்தின் விளிம்பில் அடித்து வெளியே போனது. இரண்டாவது எறிதலுக்காவது குட்டுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்கும் இல்லை. அது விளிம்பைக்கூடத் தொடவில்லை. கிட்டத்தட்ட என் எறிதல். மண்டபம் பெருமூச்சு விட்டது. அவனுடைய பயிற்சியாளர் வாங்கிலிருந்து எழுந்தே விட்டார். அன்று அவன் கோட்டுக்குப் போனபோதெல்லாம் இதே கதை. கை உதறுகிறது என்று எனக்கே தெரிந்தது. கடைசியில் படப்பிடிப்பாளர் படப்பெட்டியைப் பையில் வைத்து மூடினார்.

அடுத்த நாள் பத்திரிகையில் பொன்னாடைப் படம் மட்டும் வந்தது. அதில் பெரியப்பாவின் முகமும் கிரேக்கனின் வயிறும் தெளிவாக இருந்தன. பெரியப்பா அதைச் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டினார்.

மாமாவின் அகதி வழக்குக்கான முடிவு, நல்ல முடிவு, மறு வருடம் வந்தது. பிறகு ட்ராம் ஓட்டினார்; இப்போது ஓய்வு. போன மாதம் அவர் வீட்டில் இருந்தபோது என் கைபேசியில் கிரேக்கனின் பேட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கிழவனாகிவிட்டான். அவன் வாழ்க்கையை ஒரு மணி நேரம் கேட்டார்கள்; துறைமுகம், பெரிய அணி, முழங்கால், இத்தாலி. கடைசியில் அந்தக் குட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கிரேக்கன் யோசித்தான். "தலையில் கடி," என்றான்.

மாமா கைபேசியைப் பார்த்துச் சொன்னார்: "இனிச் சொல்லலாமடா. கேஸ் முடிஞ்சு கனகாலம்."

அன்று அவன் மெல்லச் சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கப்பலில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்களாம். சின்னவன் என்று பொருளாம்.

ஆனால் இதெல்லாம் இப்போது தெரிந்தது. ஆட்டம் முடிந்து ஹொல்ம்லியாவுக்குத் திரும்பிய அந்தப் பின்னேர ரயிலில் எனக்கு எதுவும் தெரியாது. மாமா ஜன்னலோரம் இருந்தார். நான் எதிர்க் கதிரையில் சந்தனத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கோபமாக இருந்தேன்.

"ஏன் மாமா அவர் குட்டேல்லை?"

"மறந்திருப்பார்."

"ஒருநாளும் மறக்கமாட்டார் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மாமா கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கண் கலங்கியிருந்தது, இந்த முறை வெங்காயம் இல்லை. ரயில் கரையோரமாகத் திரும்பி ஃபியோர்ட் கடல் தெரிந்தபோது, அந்தப் பக்கம் பார்த்தபடி, இரண்டு கை மொழிகளாலும் நெற்றிப்பொட்டில் மூன்று தரம் மெல்லக் குட்டிக்கொண்டார்.

இவ்வளவு நாளும் புளுகினதற்குப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்று விட்டேன். ஹொல்ம்லியா வருவதற்குள், பத்து வயதுக்கே உரிய பெருந்தன்மையோடு, நானும் அவரை மன்னித்துவிட்டேன்.